வேலை வாங்கித் தந்தால் போதுமா?

மாவட்டத் தலைமை மருத்துவமனைகளின் மனநலப் புறநோயாளிகள் பிரிவில் ஒரு கேள்வி தினமும் காதில் விழும்: “இவனை வேலைக்கு அனுப்பலாமா டாக்டர்?” கேட்பவர் பெரும்பாலும் அம்மாவாக இருப்பார். மகனுக்கு மனச்சிதைவு நோய் வந்து நாலைந்து வருடம் ஆகியிருக்கும். காதில் குரல் கேட்பது அடங்கிவிட்டது. இரவில் தூங்குகிறான். மாத்திரையைத் தானே எடுத்துப் போட்டுக்கொள்கிறான். ஆனால், பகல் முழுக்கச் செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கிறான். அந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதிலும் அநேகமாக ஒன்றுதான்: “அவசரப்படாதீங்கம்மா, முதல்ல நல்லா குணமாகட்டும்.”

அக்கறையோடு சொல்லப்படும் பதில்தான். ஆனால், கடந்த முப்பது ஆண்டுகளில் பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் இந்த வரிசையை ஏற்கவில்லை. குணமாகட்டும் என்று காத்திருக்கும் காலம் நீள நீள, வேலைக்குப் போகும் வாய்ப்பு சுருங்கிக்கொண்டே போகிறது. அதே நேரம், யாரையோ பிடித்து ஒரு வேலையை வாங்கிக் கொடுத்துவிட்டால் கடமை முடிந்தது என்று எண்ணுவதும் தவறு. அப்படிக் கிடைத்த வேலைகள் பல மூன்று மாதம்கூடத் தாங்குவதில்லை. மனச்சிதைவு, பைபோலார் போன்ற தீவிர மனநோய் உள்ளவர்களுக்குத் தேவை இரண்டு: சீக்கிரமாக ஓர் உண்மையான வேலை, அந்த வேலையில் அவர்கள் நிலைக்கும்வரை பக்கத்தில் ஓர் ஆள். முதலாவதைப் பற்றி நம் சட்டம் ஓரளவு பேசுகிறது. இரண்டாவதற்கு நம்மிடம் ஏற்பாடே இல்லை.

கணக்கில் வராதவர்கள்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மனநோயால் மாற்றுத்திறனாளிகளானவர்கள் என்று பதிவானோர் நாடு முழுவதும் சுமார் 7.2 லட்சம் பேர். பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16இல் தமிழ்நாடு உள்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்போ, வயதுவந்தோரில் 0.8% பேர் தீவிர மனநோயோடு வாழ்வதாகச் சொன்னது. வயதுவந்தோர் 80 கோடி என்று வைத்துக்கொண்டாலே 64 லட்சம் பேர் வருகிறார்கள். நோயுள்ள எல்லோரும் மாற்றுத்திறனாளி ஆகிவிடுவதில்லை என்பது உண்மை. அதைக் கழித்த பிறகும் மிஞ்சுகிற இடைவெளி பெரிது. கணக்கெடுக்க வந்தவரிடம் சொல்லாமல் வீடுகள் மறைத்துவிட்டவர்கள் அந்த இடைவெளியில் இருக்கிறார்கள். கணக்கெடுப்பில் இல்லாதவர் வேலைவாய்ப்பு அலுவலகத்தின் பட்டியலிலும் இருக்க மாட்டார்.

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி மனநலக் காப்பகத் தீயில், சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் உயிரிழந்தார்கள். அதன் பிறகு சங்கிலியைப் பற்றிப் பேசினோம், காப்பக உரிமங்களைப் பற்றிப் பேசினோம், மாவட்ட மனநலத் திட்டத்தின் வழியே மருந்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். எல்லாம் தேவையானவையே. சங்கிலி கழன்ற மனிதர் மறுநாள் காலை எழுந்து எங்கே போவார் என்பதைப் பற்றி மட்டும் போதிய அளவு பேசவில்லை.

முடியாத பயிற்சி

வேலையைச் சிகிச்சையின் அங்கமாகப் பார்ப்பது சென்னைக்குப் புதிதல்ல. நாட்டின் முதல் பெண் மனநல மருத்துவர் எனப் போற்றப்படும் சாரதா மேனன், கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்த காலத்தில் தொழில்வழிச் சிகிச்சையை வளர்த்தார். அடைத்துவைக்கப்பட வேண்டியவர்கள் என்று ஊர் நினைத்த மனிதர்கள் ரொட்டி சுடவும் துணி நெய்யவும் முடியும் என்று காட்டியது அன்றைக்குப் பெரிய காரியம். 1984இல் அவர் தொடங்கிய ‘ஸ்கார்ஃப்’ அமைப்பும், வீடற்ற பெண்களுக்காக 1993இல் தொடங்கிய ‘தி பான்யன்’ அமைப்பும் இந்த மரபை முன்னெடுத்துச் சென்றன. பான்யனில் சிகிச்சை பெற்று மீண்ட பெண்களில் சிலர் அதே அமைப்பில் பணியாளர்களாக இருக்கிறார்கள்.

இந்த முன்னோடிகளின் வழியில் வந்ததாகச் சொல்லிக்கொள்ளும் பல இடங்களில் மிஞ்சியிருப்பது பயிற்சிக் கூடம் மட்டும்தான். மெழுகுவத்தி, காகித உறை, பினாயில், மிதியடி என்று எங்கு போனாலும் அதே பட்டியல். ஆறு மாதப் பயிற்சி முடிந்ததும் இன்னோர் ஆறு மாதம். ‘இவர் வெளிவேலைக்குத் தயார்’ என்று கையெழுத்துப் போட யாருக்கும் துணிவு வருவதில்லை. பி.காம். படித்தவரும் மெழுகுவத்திதான் ஊற்றுகிறார், பத்து வருடம் லாரி ஓட்டியவரும் மெழுகுவத்திதான் ஊற்றுகிறார். வெளிச்சந்தையில் மெழுகுவத்தி ஊற்றும் வேலைகள் எத்தனை இருக்கின்றன என்று யாரும் கேட்பதில்லை.

கூலி விஷயமும் இருக்கிறது. மனநல மருத்துவமனைக்குள் எவரையும் வேலை செய்யக் கட்டாயப்படுத்தக் கூடாது, செய்த வேலைக்கு உரிய ஊதியம் தர வேண்டும் என்கிறது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 20ஆவது பிரிவு. இத்தாலியின் த்ரியெஸ்தே நகரில் மனநல மருத்துவர் ஃப்ராங்கோ பசாலியா 1970களின் தொடக்கத்திலேயே இதைச் செய்து காட்டினார். சிகிச்சை என்ற பெயரில் மருத்துவமனையைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்த நோயாளிகள் கூட்டுறவுச் சங்கம் ஒன்றை அமைத்தார்கள். அதே துப்புரவு வேலை, ஒப்பந்தக் கூலியுள்ள வேலையாக மாறியது. இத்தாலி 1991இல் இதற்குத் தனிச் சட்டமே இயற்றியது. குறிப்பிட்ட வகைச் சமூகக் கூட்டுறவுகளில் தொழிலாளர்களில் குறைந்தது 30% பேர், மனநோயாளிகள் உள்ளிட்ட நலிந்த பிரிவினராக இருக்க வேண்டும் என்பது அதன் விதி.

வரிசையைத் திருப்பிப் போட்டவர்கள்

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ராபர்ட் டிரேக், டெபோரா பெக்கர் என்ற இருவர் 1990களில் பழைய முறையைத் தலைகீழாக்கினார்கள். பயிற்சி கொடுத்துவிட்டு வேலை தேடுவதற்குப் பதிலாக, முதலில் வேலையில் அமர்த்திவிட்டு அங்கேயே பழக்குவது என்று வைத்துக்கொண்டார்கள். விதிகள் எளியவை. வேலைக்குப் போக விருப்பம் இருக்கிறதா என்பது மட்டுமே தகுதி. நோயின் தீவிரமோ, கடைசியாக எப்போது மருத்துவமனையில் சேர்ந்தார் என்பதோ தடையில்லை. சேர்ந்த சில வாரங்களிலேயே வேலை தேடும் படலம் தொடங்கிவிட வேண்டும். அவர் கேட்கும் வேலையைத் தேட வேண்டும். மற்றவர்கள் பார்க்கும் அதே வேலை, அதே சம்பளம். வேலைக்கு உதவும் பணியாளர் மருத்துவக் குழுவுக்குள்ளேயே உட்கார்ந்திருப்பார்; ஒருவர் பொறுப்பில் சுமார் 20 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. வேலை கிடைத்த பிறகும், தேவைப்படும்வரை அந்த உதவி தொடரும்.

லண்டன், ஊல்ம், ரிமினி, ஸூரிச், க்ரோனிங்கன், சோஃபியா ஆகிய ஆறு ஐரோப்பிய நகரங்களில் 312 பேரிடம் இந்த முறையைச் சோதித்த ஆய்வு 2007இல் ‘லான்செட்’ இதழில் வெளியானது. புதிய முறையில் சேர்ந்தவர்களில் 55% பேர் வெளிச்சந்தையில் வேலை பெற்றார்கள். வழக்கமான பயிற்சி முறையில் 28% பேர். அதைவிட முக்கியமான எண் இன்னொன்று. ‘வேலையின் அழுத்தம் நோயைக் கிளப்பிவிடும்’ என்பதுதானே எல்லோருடைய பயமும்? மீண்டும் மருத்துவமனையில் சேர நேர்ந்தவர்கள் புதிய முறையில் 20%, பழைய முறையில் 31%. இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவை, ஆண்டுக்கு 55,000 பேருக்கு இந்த உதவியைக் கொண்டுசேர்ப்பதை 2019இல் தன் இலக்காக அறிவித்தது.

நம் ஊருக்குப் பொருந்துமா?

வேலையில்லாதோர் உதவித்தொகையும் எழுத்துப்பூர்வமான பணி நியமனமும் உள்ள நாடுகளின் கதை நமக்கு எதற்கு என்று கேட்கலாம். பதில் சென்னையிலேயே இருக்கிறது. முதன்முறையாக மனச்சிதைவு நோய்க்கு ஆளான 90 பேரை 1980களின் தொடக்கம் முதல் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தது ஸ்கார்ஃபின் ஆர்.தாராவும் சக ஆய்வாளர்களும் மேற்கொண்ட ‘மெட்ராஸ் நெடுங்கால ஆய்வு’. பத்தாண்டு முடிவில், அதிலிருந்த ஆண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ஏதோ ஒரு வேலையில் இருந்தார்கள். ஐரோப்பிய நாடுகளில் அந்த நோயுள்ளவர்களில் வேலையில் இருப்போர் 10 முதல் 20% வரைதான் என்று பல ஆய்வுகள் சொன்ன காலம் அது.

வேலைக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாது என்ற நிலையும், குடும்பம் விடாமல் தள்ளியதும் இதற்குக் காரணங்கள். சித்தப்பாவின் மளிகைக்கடை, மாமாவின் ஒர்க்‌ஷாப், தெரிந்தவரின் அச்சகம் என்று வேலை அக்கம்பக்கத்திலேயே இருந்தது. பத்து மணிக்குப் போனாலும் முதலாளி பொறுத்துக்கொண்டார். இரண்டு நாள் படுத்துவிட்டால் வீட்டுக்கே ஆள் அனுப்பி விசாரித்தார். நியூ ஹாம்ப்ஷயரில் சம்பளம் கொடுத்து ஆள் வைத்துச் செய்ததை இங்கே சொந்தபந்தம் சம்பளமில்லாமல் செய்துவந்தது.

அந்த ஏற்பாடு இப்போது தளர்ந்துகொண்டிருக்கிறது. மளிகைக்கடை இருந்த இடத்தில் சூப்பர் மார்க்கெட் வந்துவிட்டது. ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளில் சுழற்சி ஷிஃப்டும் விரல்ரேகைப் பதிவும் இருக்கின்றன. ஆள் எடுப்பது இடையில் உள்ள ஒப்பந்த நிறுவனம். மூன்று நாள் வராதவரின் பெயரை மேலாளர் அறியாமலேயே கணினி நீக்கிவிடும். மாமாவின் இடத்தை நிரப்ப ஓர் ஆள் தேவைப்படும் காலத்துக்கு நாம் வந்துவிட்டோம்.

பெண்களின் நிலை வேறு. வேலை என்று அந்த ஆய்வுகள் எண்ணியது பெரும்பாலும் ஆண்களின் வேலையைத்தான். நோய் வந்த பெண் சமைத்துப் பாத்திரம் கழுவினால் ‘நல்லா ஆயிட்டா’ என்று வீடு திருப்தி அடைந்துவிடுகிறது. சம்பள வேலை என்ற பேச்சே எழுவதில்லை. கணவர் கைவிட்டுத் தாய்வீடு திரும்பிய பெண்களைப் பற்றி ஸ்கார்ஃப் ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். அண்ணன் குடும்பத்தின் தயவில் வாழும் அப்படி ஒரு பெண்ணுக்கு மாதம் எட்டாயிரம் ரூபாய் சம்பளம் என்பது, அந்த வீட்டில் குரல் உயர்த்தாமல் ஒரு பேச்சைப் பேசும் உரிமை. பெற்றோர் காலத்துக்குப் பிறகும் அந்தக் கூரையின் கீழ் அவர் இருப்பாரா என்பதைக்கூட அந்தத் தொகை தீர்மானிக்கலாம்.

மூன்றாவது மாதச் சிக்கல்

வேலை போவதற்கான காரணங்களை வரிசையாக எழுதிப் பார்த்தால், நோயின் பெயர் முதலில் வராது. இரவு போடும் மாத்திரையின் மயக்கம் காலை எட்டு மணிவரை தெளிவதில்லை. ஆறு மணி ஷிஃப்டுக்கு எப்படிப் போவது? சில மருந்துகளால் கை நடுங்கும். டீ டம்ளரைப் பிடிக்கும்போது சக தொழிலாளி பார்த்துவிட்டுச் சிரிப்பார். மாதாந்திர மாத்திரைக்கு மருத்துவமனை போகும் நாள் வேலைநாளாகத்தான் இருக்கும். அன்றைக்குக் கூலி கிடையாது, இரண்டு மாதம் தொடர்ந்தால் கெட்ட பெயர். வேலைக்காக மாத்திரையை விட்டால் நோய் திரும்புகிறது, மாத்திரைக்காக லீவு போட்டால் வேலை போகிறது. இதற்கு மேல், நோய் விட்டுச்செல்லும் மந்தமும் கவனச் சிதறலும் இருக்கின்றன. ஒரே மூச்சில் ஐந்து வேலை சொன்னால் மூன்று மறந்துபோகும். சோம்பேறி என்ற பட்டம் அங்கேதான் ஒட்டிக்கொள்கிறது.

இவற்றில் எதுவும் தீர்க்க முடியாதது அல்ல. மாத்திரை நேரத்தை மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேட்கலாம், மாதம் ஒருமுறை போடும் ஊசிக்கு மாறலாம், பகல் ஷிஃப்ட் கேட்டு வாங்கலாம், செய்ய வேண்டியதைத் தாளில் எழுதித் தரச் சொல்லலாம். இவற்றில் எதற்கும் பெரிய செலவில்லை. ஆனால், மருத்துவரிடமும் மேற்பார்வையாளரிடமும் ஒருசேரப் பேசக்கூடிய ஒருவர் வேண்டும். தூக்கம் குறைகிறது, பேச்சு மாறுகிறது என்ற முதல் அறிகுறியிலேயே வீட்டுக்கும் மருத்துவமனைக்கும் போன் போட வேண்டும். நாலு நாள் வராதவர் ஓடிப்போய்விடவில்லை, ஒரு வாரத்தில் திரும்புவார் என்று கம்பெனிக்கு உறுதி சொல்ல வேண்டும். அவரை ‘வேலைத்துணை’ என்று அழைக்கலாம்.

நோயைப் பற்றி முதலாளியிடம் சொல்வதா, மறைப்பதா என்பது இதில் கடினமான கேள்வி. சொன்னால் வேலை கிடைக்காது. சொல்லாவிட்டால் சலுகை கேட்க முடியாது. நோயாளியின் விவரத்தை ரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்பது மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆவது பிரிவு. எனவே முடிவு அந்த நபருடையதுதான். எதைச் சொல்வது, யாரிடம் சொல்வது, எப்போது சொல்வது என்று அவரோடு உட்கார்ந்து பேசித் தீர்மானிப்பதுதான் துணையின் வேலை. முதலாளிகளின் தயக்கத்தையும் வெறும் அறியாமை என்று ஒதுக்கக் கூடாது. ‘அடித்துவிட்டால்?’ என்ற பயத்தை விதைத்ததில் நம் சினிமாவுக்குப் பெரிய பங்கு உண்டு. இந்த நோயுள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் யாரையும் அடிப்பவர்கள் அல்லர். அடிவாங்கும் இடத்தில் இருப்பவர்கள் அவர்களே. இதை வாய்வார்த்தையாகச் சொல்வதைவிட, ‘பிரச்சினை என்றால் இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள், ஒரு மணி நேரத்தில் வருகிறேன்’ என்று ஒருவர் முன்னால் வந்து நிற்பது முதலாளிக்கு அதிக தைரியம் தரும்.

சான்றிதழ் போடும் முடிச்சு

மாற்றுத்திறனாளிகளுக்கான 1995ஆம் ஆண்டுச் சட்டம் மனநோயையும் குறைபாடுகளின் பட்டியலில் சேர்த்திருந்தது; வேலை ஒதுக்கீட்டில் மட்டும் இடம் தரவில்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதைத் திருத்தியது. அரசுப் பணிகளில் 4% ஒதுக்கீட்டில் 1%, ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்குப் பொதுவாக ஒதுக்கப்பட்டது. பணியில் இருக்கும்போது நோய் வந்தால் அரசு ஊழியரை நீக்கவோ பதவியிறக்கவோ கூடாது என்றது. மத்திய ரிசர்வ் போலீஸ் படை அதிகாரி ஒருவரின் வழக்கில் 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், மனநோயோடு தொடர்புடைய நடத்தைக்காக ஒழுங்கு நடவடிக்கை எடுப்பது மறைமுகப் பாகுபாடு என்று தீர்ப்பளித்தது.

ஆனால், ஒதுக்கீட்டைப் பெற 40% குறைபாடு என்ற சான்று வேண்டும். மனநோய்க்கு அதை அளப்பது ‘ஐடியாஸ்’ என்ற அளவுகோல். தன்னைப் பேணுதல், பிறரோடு பழகுதல், பேசிப் புரிந்துகொள்ளுதல், வேலை ஆகிய நான்கிலும் எவ்வளவு சிரமம் என்று பார்த்து, நோயின் கால அளவையும் சேர்த்து 20க்குப் புள்ளி போடுகிறார்கள். 7 வந்தால்தான் 40%. குளித்து உடுத்தி, நாலு பேரோடு பேசி, ஏதோ ஒரு வேலையும் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு இந்தப் புள்ளி எட்டாது. வேலைக்குத் தயாரானவருக்குச் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் கிடைப்பவரோ துணையில்லாமல் வேலையில் தாக்குப்பிடிக்க முடியாத நிலையில் இருப்பார். நன்றாக வேலை பார்த்ததே அவருடைய தகுதியைக் குறைத்துவிடும். மருந்தின் பலத்தில் நிற்கும் ஒருவரை, மருந்தே தேவைப்படாதவர்போல் அளப்பது என்ன நியாயம்?

ஒரு வாசல் திறந்திருக்கிறது. தேவையான சலுகைகளைக் கேட்டுப் பெறும் உரிமைக்கு 40% என்ற வரம்பு கிடையாது என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் தெளிவாக்கியது. 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கையை எழுதிவைத்து, தொடர்பு அதிகாரி ஒருவரை நியமிக்க வேண்டும் என்கின்றன விதிகள். உங்கள் ஊர்த் தொழிற்சாலையில் அந்த அதிகாரி யார் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பதில் வராது.

என்ன செய்யலாம்?

புதிய வாரியமும் புதிய கட்டிடமும் வேண்டாம். மாவட்ட மனநலத் திட்டத்தின் குழுவில் மருத்துவரும் உளவியலாளரும் சமூகப் பணியாளரும் ஏற்கெனவே இருக்கிறார்கள். ஒவ்வொரு குழுவிலும் இரண்டு வேலைத்துணைகளைச் சேர்த்தால், 38 மாவட்டங்களுக்கு 76 பேர். ஒருவருக்கு 20 பேர் என்றால், ஒரே நேரத்தில் 1,520 பேர் துணையோடு வேலையில் இருக்க முடியும். பெரிய எண் அல்ல. ஆனால், இது வேலை செய்கிறதா என்று அரசே பார்த்துத் தெரிந்துகொள்ளப் போதுமானது. அந்த 76 பேரில் ஒரு பகுதியினராவது நோயைக் கடந்து வந்தவர்களாக இருக்கட்டும். மாத்திரையின் மயக்கத்தோடு ஷிஃப்டுக்குப் போன அனுபவத்தை எந்தப் பட்டப்படிப்பும் கற்றுத்தராது.

மனநலப் புறநோயாளிகள் பிரிவு வாரத்தில் ஒருநாள் மாலையிலோ ஞாயிற்றுக்கிழமையோ இயங்கினால், மாத்திரைக்காகக் கூலியை இழப்பது நிற்கும். வேலையில் நிலைத்தவரிடமிருந்து சான்றிதழைப் பறிக்காதபடி மதிப்பீட்டு விதியைத் திருத்த ஒன்றிய அரசை மாநில அரசு வற்புறுத்தலாம். கிராமங்களுக்கும் இதே கவனம் வேண்டும். நூறு நாள் வேலைத் தளங்களில் தண்ணீர் கொடுப்பது, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது என மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ப வேலையை வடிவமைத்த அனுபவம் நம் நிர்வாகத்துக்கு இருக்கிறது. ஆட்டுக்குட்டியோ தையல் மெஷினோ வாங்கக் கடன் கொடுப்பதோடு நிறுத்தாமல், அதன் பிறகு ஆறு மாதம் போய்ப் பார்த்துவர ஆள் இருந்தால் சுயதொழிலும் நிற்கும்.

வேலைத்துணை இருந்தாலும் எல்லோரும் வேலையில் நிலைப்பார்கள் என்று யாரும் உறுதி தர முடியாது. முதல் வேலை போகும். சிலருக்கு இரண்டாவதும் போகும். நோயில்லாத இளைஞர்களும் இரண்டு மூன்று வேலை மாறித்தானே ஓரிடத்தில் அமர்கிறார்கள்? அவர்கள் மாறினால் அனுபவம் என்கிறோம், இவர்கள் மாறினால் ‘அப்பவே சொன்னேனே’ என்கிறோம். மூன்றாவது வேலையைத் தேடித் தரவும் சம்பளம் வாங்கும் ஓர் ஆள் மாவட்ட மருத்துவமனையில் இருக்க வேண்டும். அடுத்த நிதிநிலை அறிக்கையில் சுகாதாரத் துறையிடம் நாம் கேட்க வேண்டிய முதல் செலவு இதுதான்.